கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். விடிவதற்கு முன்பே தொடங்கிய தூறல் விடவில்லை. எதிரே முருகன் கோயில் மலை முழுவதும் மேகத்துக்குள் இருந்தது; கோபுர விளக்குகூடத் தெரியவில்லை. காற்று இல்லை. கொடியில் கிடந்த நான்கு துண்டுகளும் இரண்டு நாளாகக் காயவில்லை என்று எரிச்சலோடு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி சமையலறை வாசலில் முக்காலியில் உட்கார்ந்து வலது காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். செருப்பு வார் பதிந்த தடம் புறங்காலில் சிவப்பாக இருந்தது. பால் வாங்கி வந்து அவள் செருப்பைக் கழற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"இன்னும் போவலியா அது?" என்று கேட்டேன்.

"தீவாளி பலகாரம் சுட நின்னுகினே இருந்தேன் இல்ல. காலு ஊதிக்கினு கீது. உளுந்து ஊறினா மாதிரி."

குனிந்து கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. மனதுக்குள் எண்ணினேன். குழி நிரம்ப நாற்பத்தொரு நொடி ஆயிற்று. இடது காலில் முப்பத்தெட்டு.

"மாவு பதம் பாக்கறீங்களா?" என்றாள் அவள். "போதும் உடுங்க, வலிக்குது."

நான் நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பன்னிரண்டு வருடம் ஆர்.கே.பேட்டைப் பக்கம். அளந்தே பிழைத்தவனுக்கு அளக்காமல் இருக்கத் தெரியாது. படுக்கையிலிருந்து குளியலறைக்கு என் காலடியில் பதினான்கு எட்டு. ஒரு சமையல் எரிவாயு உருளை எங்கள் இருவருக்கும் ஐம்பத்திரண்டு நாள் வரும். எங்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகி அப்போது நாற்பத்து நான்கு வருடம் ஐந்து மாதம். அவளுக்கு வயது அறுபத்தெட்டு, எனக்கு எழுபத்து மூன்று.

மாதாமாதம் கிருத்திகைக்கு அவள் மலைப்படி ஏறுவாள். முந்நூற்று அறுபத்தைந்து படி. எப்போதும் இரண்டு இடத்தில்தான் உட்கார்வாள். ஐப்பசிக் கிருத்திகைக்கு ஏறியபோது ஒன்பது இடத்தில் உட்கார்ந்தாள். நான் கூடவே போனேன், எண்ணினேன், வயதாகிவிட்டது என்று நினைத்தேன். அதற்குமேல் எதுவும் நினைக்கவில்லை.

மறுநாள் காலை கடைத்தெருவில் இருக்கும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். எங்களுக்கு முன்னால் பதினேழு பேர். டாக்டர் நிதானமானவர். ரத்த அழுத்தம் பார்த்தார், மார்பில் குழாய் வைத்துக் கேட்டார், எடை பார்க்கச் சொன்னார். ஐம்பத்தெட்டு கிலோ. அதைச் சீட்டில் எழுதினார். உடம்பில் நீர் தங்குகிறது, அதுதான் வீக்கம் என்றார். காலையில் ஒரு மாத்திரை. அது சிறுநீரை அதிகமாகப் போகவைக்கும். நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. படுக்கும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும். உப்பை நன்றாகக் குறைக்க வேண்டும்.

"பத்து நாள் பாப்போம்," என்றார். "வீக்கம் வத்தலன்னா அப்பறம் சும்மா இருக்கக்கூடாது. சென்னைக்கோ வேலூருக்கோ போய் இதயத்துக்கு எக்கோ எடுத்துரணும். எதுக்கும் பத்து நாள் கழிச்சி ஒருவாட்டி வந்து காட்டுங்க."

"வத்தலன்னா" என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். அவர் கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டேன்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "உப்பில்லாம மாசத்துல ஒரு நாள் முருகனுக்காகச் சாப்புட்றேன். இப்ப டாக்டருக்காக முப்பது நாளும் சாப்புடணுமா?"

"சாப்பிட்டுத்தான் ஆகணும்."

"முருகன் ராத்திரியோட உட்டுடுவாரு."

வற்றுகிறதா இல்லையா என்று யார் சொல்வது? கண்ணால் பார்த்துச் சொல்லுவது எனக்கு ஒத்துவராது. அவள் அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைப்பவள். தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் மஞ்சள் நிற டேப் ஒன்று இருந்தது. அதை எடுத்தேன். வலது கணுக்கால் எலும்புக்கு நான்கு விரல் மேலே பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டேன். புலத்தில் எல்லைக்கல் எப்படியோ அப்படி அந்தக் கோடு. குளித்தால் அழியும் என்பதால் தினமும் அதன்மேலேயே மறுபடி போடுவேன். காலை ஆறு மணிக்கு ஒரு அளவு, மாலை ஆறு மணிக்கு ஒரு அளவு. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, நேரம், சென்டிமீட்டர் என்று மூன்று கட்டம்.

நவம்பர் 15, மாலை: 28.2.

"ரவிக்கைக்குக் காலை அளந்து இன்னா பண்றது?" என்று அவள் சிரித்தாள். டேப்பை நான் பிடித்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. "இறுக்காதீங்க. சதையை அமுக்கி அளந்தா தைக்கிறவங்க திட்டு வாங்குவாங்க. தொட்டும் தொடாம பிடிங்க." அப்படியே பிடித்தேன். அதற்குப் பிறகு என் அளவில் தவறு இல்லை. இப்போதும் சொல்கிறேன், அந்த நோட்டில் ஒரு எண்கூடத் தவறு இல்லை.

மாத்திரை வேலை செய்தது. முதல் நாள் பதினோரு முறை குளியலறைக்குப் போனாள். நான்காம் நாள் 26.9. பத்தாம் நாள், நவம்பர் 25, 25.0. வற்றிக்கொண்டிருந்தது. சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் அதே மாத்திரையை இன்னும் முப்பது வாங்கினேன். டாக்டரிடம் போகவில்லை. போனால் பதினேழு பேருக்குப் பின்னால் உட்கார வேண்டும், வற்றியதற்கு எதற்குப் போய் உட்கார வேண்டும் என்று தோன்றியது. "எக்கோ எடுக்கச் சொல்லிட்டா என்ன பண்றது, இப்ப ஒண்ணும் வேணாம்," என்று அவளும் சொன்னாள். அவளுக்கு இதயம் என்ற சொல்லே பயம். அவள் அம்மா ஐம்பத்தாறு வயதில் மார்வலியில் போனவர்.

கார்த்திகைக்கு அவள் மலை ஏறவில்லை. எனக்கு அது நினைவிருக்கிறது. கல்யாணமான பிறகு ஏறாத முதல் கார்த்திகை. வீட்டிலேயே விளக்கேற்றினாள், பதினொன்று. மீதியை நான் ஏற்றினேன்.

காலை உயர்த்தி வைக்கச் சொன்னாரே, அதை நான் கண்டிப்பாகப் பார்த்துக்கொண்டேன். கம்பளியைச் சுருட்டிக் கயிறு கட்டி அவள் கால்மாட்டில் வைத்தேன். நடந்தால் அளவு ஏறியது, படுத்தால் இறங்கியது. நோட்டு அதைத் தெளிவாகக் காட்டியது. காலையில் குறைவு, மாலையில் அதிகம். ஆகவே மாலையில் அவளை நடக்கவிடாமல் செய்தேன். சமையலை நான் எடுத்துக்கொண்டேன். உப்பைக் கரண்டியால் அளந்தேன், ஒரு நாளைக்கு இருவருக்கும் ஒரு தேக்கரண்டி. சோறு வாயில் வைக்க முடியவில்லை. இருவரும் அதையே தின்றோம். டிசம்பர் முடிவதற்குள் அவள் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தாள். மாலை அளவும் காலை அளவும் ஒன்றாகிவிட்டன. 23.6. அதை ஒரு வெற்றி என்று நினைத்தேன்.

அந்த நாட்களில் அவள் என்னிடம் கேட்டவற்றை வரிசையாகச் சொல்ல முடியும். டிசம்பர் 10: இன்னொரு தலையணை வேண்டும், மட்டமாகப் படுத்தால் தொண்டையை அடைக்கிறது. கொடுத்தேன். டிசம்பர் 28: பாவாடை நாடா எட்டவில்லை, கடையிலிருந்து இரண்டு கஜம் நாடா வாங்கி வர வேண்டும். வாங்கி வந்தேன். இருமல் வந்தது, பனி என்றோம். பொங்கலுக்கு மறுநாள் மூன்றாவது தலையணை கேட்டாள். வீட்டில் மூன்றுதான் இருந்தது, மூன்றாவது என்னுடையது. அதைக் கொடுத்துவிட்டு ஒரு வேட்டியை மடித்து என் தலைக்கு வைத்துக்கொண்டேன். நோட்டில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை. எழுதவில்லை.

அளவு இறங்கிக்கொண்டே இருந்தது. ஜனவரி 16: 22.1. பிப்ரவரி 3: 21.4.

அவளுக்கு ஒரே தம்பி. பொதட்டூர்பேட்டையில் நான்கு விசைத்தறி வைத்து லுங்கி நெய்கிறவன், அறுபது வயது. தறிச் சத்தத்திலேயே இருப்பதால் எங்கேயும் கத்தித்தான் பேசுவான்; அக்கா கணவன் என்பதால் என்னைப் பாவா என்று கூப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்கூட்டரில் வந்துவிடுவான். நவம்பரிலேயே அவன் வேண்டிக்கொண்டிருந்தான்: அக்காவின் கால் வற்றினால் மலையில் எடைக்கு எடை வெல்லம். பிப்ரவரி 4, ஞாயிறு, அவன் வந்தபோது நோட்டைக் காட்டினேன்.

"பாவா! இருபத்தெட்டு எங்க, இருபத்தொண்ணு எங்க! பாஸ் பண்ணிட்ட அக்கா." படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைத் தூக்கிப் பார்த்தான். கால் ஒல்லியாகத்தான் இருந்தது, எலும்புகூடத் தெரிந்தது. "பழைய காலு வந்துடுச்சி. நாளைக்கே வெச்சிக்கலாம் பாவா. வேண்டுதல தள்ளிப் போடக்கூடாது."

"எனக்கு மூச்சு வாங்குதுடா," என்றாள் அவள்.

"படியா ஏறப்போற? காரு மேல வரைக்கும் போவுது. அங்க தராசுல ஒக்காந்துகினே இருக்கப்போற. வெல்லம் தான் கஷ்டப்படணும்."

அவள் சிரித்தாள். சிரித்ததும் இருமல் வந்தது.

"எத்தினி கிலோ வாங்கறது பாவா?"

இதற்குப் பதில் சொல்ல எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். டாக்டர் சீட்டில் ஐம்பத்தெட்டு. அது நீரோடு சேர்ந்த எடை. இரண்டு காலிலும் வற்றியது நான்கு கிலோ என்று வைத்துக்கொண்டேன். மீதி ஐம்பத்து நான்கு. அதோடு, அவள் ஒரு வேளைக்கு அரை இட்லிதான் சாப்பிடுகிறாள். ஐம்பத்து நான்குக்கு மேல் இருக்க வழியே இல்லை. தராசுக்கு வெல்லம் குறைந்தால் அவமானம் என்பதால் இரண்டு சேர்த்து ஐம்பத்தாறு வாங்கச் சொன்னேன். அவன் மண்டியிலிருந்து மண்டை வெல்லமாக வாங்கி வந்தான். ஒவ்வொன்றும் ஒரு கிலோ. இரண்டு கோணி. பணத்தை நான் கொடுத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு மேலே சேர்ந்தோம். கார் நின்ற இடத்திலிருந்து மண்டபம் வரை மைத்துனனும் கார் ஓட்டுநரும் அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மைத்துனன் இரண்டு முறை நாற்காலியைக் கீழே வைத்தான். "இன்னாக்கா, கனம் ஏறிட்ட," என்றான். மூச்சு வாங்கியபடி சொன்னதை நான் அவன் வயதின் கணக்கில் வைத்தேன்.

துலாபாரத் தட்டில் அவளை உட்கார வைத்தார்கள். பட்டுப்புடவை, தலையில் கொஞ்சம் பூ. சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தராசுக்காரர் நடுத்தர வயதுக்காரர், சந்தனம் பூசியவர், தமாஷ் பேசுகிறவர். எதிர்த்தட்டில் வெல்லத்தை அடுக்கினார். நான் எண்ணினேன். ஐம்பது. ஐம்பத்து நான்கு. ஐம்பத்தாறு. தட்டு அசையவில்லை.

"அம்மா, கால் தரையில படுது பாருங்க. தூக்கிக்கோங்க."

"படலப்பா," என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். படவில்லை. "அப்ப வெல்லம் பத்தல. கவுண்டர்ல வாங்கினு வாங்க."

மைத்துனன் ஓடிப்போய் ஐந்து கிலோ வாங்கி வந்தான். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது, அறுபத்தொன்று. அசையவில்லை. மறுபடி ஓடினான். பின்னால் வரிசையில் ஒரு ஆந்திரக் குடும்பம் கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தது, குழந்தையின் எடைக்குச் சர்க்கரை கொடுக்க வந்தவர்கள். அவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"பெரியவரே," என்றார் தராசுக்காரர் என்னைப் பார்த்து, "வூட்டம்மாவ நல்லா கவனிச்சிக்கினு கீறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இவரு ஆக்கிப் போட்ட சாப்பாடுங்க," என்றாள் அவரிடம். "உப்பே இல்லாம."

அறுபத்தாறில் தட்டு லேசாக ஆடியது. அறுபத்தேழில் சமமாக நின்றது. மணி அடித்தார்கள்.

டாக்டரின் சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. அறுபத்தேழில் ஐம்பத்து நான்கு போனால் பதின்மூன்று. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. எங்கள் வீட்டு பிளாஸ்டிக் குடம் நிரம்பப் பிடித்தால் பதின்மூன்று லிட்டர் கொள்ளும்.

அவளை நாற்காலிக்கு மாற்றினார்கள். நான் பின்னால் போய் நின்றேன். ரவிக்கைக்கும் கொசுவத்துக்கும் நடுவே, முதுகின் அடியில், நாடா பதிந்த பள்ளம் ஒரு விரல் ஆழத்துக்கு இருந்தது. அதற்குப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். எடுத்தேன். குழி இருந்தது. காலில் நான் பார்த்ததைவிடப் பெரிய குழி. அன்று நொடிகளை எண்ணவில்லை.

"இன்னாங்க இது, கோயில்ல," என்றாள் அவள் திரும்பாமல். பிறகு, "அங்கயும் அளக்கப்போறீங்களா?" என்றாள்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மைத்துனனிடம் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. "கால் வத்திடுச்சே பாவா," என்றான். "சாமியப் பாக்காம எறங்கறதா?" எனக்கு விளக்க வரவில்லை. தண்ணீர் காலில் இல்லை, மேலே போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அவன் அக்காவைப் பார்த்தான்.

"வந்தது வந்துட்டம். பாத்துட்டே போலாம்," என்றாள் அவள்.

நாற்காலியோடு தனி வழியில் விட்டார்கள். அங்கே இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. சாமியை நான் பார்த்தேனா என்று நினைவில்லை. அவள் தோள் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கு முப்பத்திரண்டு.

கனகம்மாசத்திரம் தாண்டிச் சென்னைச் சாலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி இருக்கிறது. பதினொன்று ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். மூக்கில் குழாய் வைத்தார்கள். இளவயதுப் பெண் டாக்டர் ஒருவர் அவளைச் சாய்த்து முதுகைப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார், பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"எத்தன தலையணை வெச்சிப் படுக்கறாங்க சார்?"

"மூணு."

"எப்பலேர்ந்து?"

"டிசம்பர் பத்து வரைக்கும் ஒண்ணு. அதுக்கப்புறம் ரெண்டு. பொங்கலுக்கு மறுநாள்லேர்ந்து மூணு. மூணாவது என்னோடது."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "இவ்ளோ கரெக்டா சொல்றீங்க. இத யார்கிட்டயும் சொல்லலியா?"

"யாரும் கேக்கல."

நோட்டைக் கொடுத்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எண்பத்து மூன்று நாள், நூற்று அறுபத்து நான்கு அளவு. ஒரு மாதிரியான மரியாதையோடுதான் புரட்டினார். பிறகு சொன்னார். நடமாடுகிறவர்களுக்கு நீர் காலில் இறங்கும். படுத்தே இருக்கிறவர்களுக்கு அது இடுப்புக்கும் முதுகுக்கும் போய்விடும். கால் வற்றினதுபோல் இருக்கும். வயிற்றிலும் நுரையீரலிலும் சேரும். எடையைத்தான் பார்க்க வேண்டும், சார். வீட்டில் எடை பார்க்கும் இயந்திரம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

நான் தலையாட்டினேன். ஏரி எங்கே நிரம்பும், எந்தப் பக்கம் வழியும் என்று மேட்டையும் பள்ளத்தையும் பார்த்து வரைபடம் போட்டவன் நான். நின்றால் கால் பள்ளம். படுத்தால் இடுப்பு பள்ளம். காலைக் கம்பளிமேல் தூக்கி வைத்தது நான்தான்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புலத்தின் நான்கு பக்கத்தையும் அளந்து முடித்த பிறகு, நம் அளவு சரிதானா என்று பார்க்க, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே ஒரு கோடு அளப்போம். அதை அளக்காமல் படத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. ஆர்.கே.பேட்டையில் ஒரு முறை வெயிலுக்குப் பயந்து குறுக்குக் கோட்டை விட்டுவிட்ட என் உதவியாளனை நான் பத்துப் பேர் முன்னால் திட்டியிருக்கிறேன். அவன் அழுதான். வயது நாற்பது இருக்கும். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு அவன் ஞாபகம்தான் வந்தது. வேறு எதுவும் தோன்றவில்லை. வராந்தாவில் நீளவாக்கில் அறுபத்தெட்டு ஓடு, அகலத்தில் ஏழு.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த மருந்துக் கடையில் எடை இயந்திரம் ஒன்று வாங்கினேன். கண்ணாடித் தட்டு, ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு ரூபாய். வீட்டுக்குப் போனதும் தினமும் காலையில் நிற்க வைக்க வேண்டும், மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே கூட்டி வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புது நோட்டில் கட்டம் போட்டு வைத்தேன்.

ஊசி வழியாக மருந்து போட்டு நீரை இறக்கினார்கள். பையில் சேர்ந்ததை நர்ஸ் அளந்து அட்டையில் எழுதுவார், நான் அதைப் பார்த்து எழுதிக்கொள்வேன். முதல் நாள் 2,100 மில்லி. இரண்டாம் நாள் 2,450. மூன்றாம் நாள் 2,300. மூன்றாம் நாள் மாலை அவள் இரண்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டாள். நாற்பது நாளுக்குப் பிறகு நீளமாக, நடுவில் மூச்சுக்கு நிற்காமல் பேசினாள்.

"ஊட்ல தையலுக்கு வந்த துணி ஆறு பேருது அப்படியே கெடக்குது. திருப்பிக் குடுத்துடுங்க. நாலாவது வீட்டுப் பொண்ணு மட்டும் அட்வான்ஸ் குடுத்துது."

"நீயே வந்து குடு."

"ஆங், குடுக்கறேன்." கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "நீங்க ஏன் இப்படி ஒக்காந்துகினு கீறீங்க? நீங்க இன்னா பண்ணுவீங்க. நானும்தான சொன்னேன், போவ வேணாம்னு."

பையில் மட்டம் 1,850-க்கு வந்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை எடை அறுபது. மைத்துனன் தறியை நிறுத்திவிட்டு வந்து இரண்டு நாள் கூடவே இருந்தான். நர்ஸ்களிடம் சத்தமாகப் பேசித் திட்டு வாங்கினான். சனிக்கிழமை காலை, பிப்ரவரி 10, ஏழு மணி இருபது நிமிடத்துக்கு அவள் காபி கேட்டாள். நான் கீழே கான்டீனுக்குப் போனேன். இறங்க இருபத்தெட்டுப் படி, ஏற இருபத்தெட்டுப் படி, வரிசையில் எனக்கு முன்னால் நான்கு பேர். சர்க்கரை குறைவாகப் போடச் சொன்னேன். திரும்பி வந்தபோது திரையை இழுத்து மூடியிருந்தார்கள். உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். ஏழு ஐம்பத்தாறுக்கு வெளியே வந்தார்கள். இதயத் துடிப்பு தடம் மாறி நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

"முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டேன்.

அவர் என் கையிலிருந்த காபியை வாங்கி மேசைமேல் வைத்தார். "உறுதியா சொல்ல முடியாது சார். இதயம் ரொம்ப நாளாவே பலவீனமாத்தான் இருந்திருக்கு." பிறகு, அவர் நேர்மையானவர் என்பதால், "ஆனா நவம்பர்ல பாத்திருந்தா எங்களுக்கு மூணு மாசம் கெடச்சிருக்கும்," என்றார்.

மைத்துனன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அதற்காக உறவினர்கள் என்னைப் பற்றிப் பேசினார்கள் என்று தெரியும். பேசட்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு எடை இயந்திரத்தை எடுத்துக்கொண்டு பேருந்தில் அந்த மருந்துக் கடைக்குப் போனேன். பெட்டியைப் பிரிக்கவில்லை, ரசீதும் இருந்தது. கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வித்த சரக்கு திருப்பி எடுக்கறதில்லீங்க. எதுனா கோளாறா?" என்றார். கோளாறு இல்லை என்றேன். "அப்ப வெச்சிக்கோங்க சார். வூட்ல யாருக்குனா உதவும்."

திரும்பி வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து செலவைக் கூட்டினேன். ஆஸ்பத்திரிக் கட்டணம் முழுவதையும் ஓய்வூதியர் காப்பீடு கட்டிவிட்டது. காரியச் செலவை மைத்துனன் என்னைத் தொடவிடவில்லை. மற்றவை மட்டும்: முதல் டாக்டர், மாத்திரைகள், வெல்லம் அறுபத்தேழு கிலோ, கார், அவளைக் கொண்டுவந்த வண்டி, எடை இயந்திரம். மேலிருந்து கீழே ஒரு முறையும், கீழிருந்து மேலே ஒரு முறையும் கூட்டினேன். இரண்டும் ஒன்றாகவே வந்தது. பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.